எர்த் இல்லாமலும் தண்ணீர் சுடும்

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ போன் செய்த நேரம் கடையில் ஆள் நின்றுகொண்டிருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை. போனில் சொல்வதில் பாதி மறந்துபோகும். எழுதி அனுப்பினால் டூல்ஸ் பையில் மடித்து வைத்துக்கொள்வாய். அக்காவிடம் மட்டும் இதைக் காட்டாதே. கரண்ட் வேலைக்கு உன்னை இழுத்துவிட்டதே நான்தான் என்று இன்றைக்கும் என்னிடம் சண்டைக்கு வருகிறாள்.

கம்பியாள் உதவியாளர் சான்று கைக்கு வந்ததும் ஓசூரில் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்தது நல்ல காரியம். அந்த ஊர்க் குளிருக்குக் கார்த்திகை பிறந்துவிட்டால் உனக்குக் கீசர் வேலைதான் அதிகம் வரும். முதல் வேலையைப் பற்றி நீ சொன்னதைக் கேட்டேன். மூன்றாவது மாடி வீடு, பழைய வாடகை வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த 25 லிட்டர் கீசர். “பிளக் இருக்கு, பைப் இருக்கு, மாட்டிட்டுப் போங்க தம்பி, அரை மணி நேர வேலை” என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்த சோதனை ஒன்றே ஒன்றுதான்: குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறதா?

ஃபேனைத் தப்பாக மாட்டினால் ஆடும், லைட்டைத் தப்பாக மாட்டினால் எரியாது. தப்பு அன்றைக்கே தெரிந்துவிடும். கீசரில் அப்படித் தெரியாது. எர்த்தே இல்லாத கீசரும் தண்ணீரைச் சுட வைக்கும். வால்வை அடைத்து வைத்த கீசரும் சுட வைக்கும். மெலிந்த ஒயரில், லூசான பிளக்கில் ஓடுகிற கீசரும் அதே நேரத்தில் ஆவி பறக்கத் தண்ணீர் கொடுக்கும். வீட்டுக்காரர் திருப்தியாகக் காசு கொடுப்பார். அதனால் தண்ணீர் சுட்டதை வைத்து உன் வேலையை நீ அளக்காதே. இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

போனதும் கீசர் பெட்டியைப் பிரிக்காதே, சுவரில் ஓட்டையும் போடாதே. முதலில் ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். சமையலறைக்கு மாட்டுகிற 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஆளைப் பார்த்தால் சின்னது, ஆனால் அது 3000 வாட், 13 ஆம்பியர். இரண்டுக்குமே 16 ஆம்ப் பிளக் வேண்டும், மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும். நான் 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் இழுப்பேன். கிட்டத்தில் இருந்தால் 2 கிலோவாட்டுக்கு 2.5 தாங்கும். லைட் லைனிலிருந்து கிளை எடுத்து 16 ஆம்ப் சாக்கெட்டை மட்டும் பொருத்தி வைத்திருப்பார்கள், ஏமாந்துவிடாதே. சாக்கெட்டின் அளவைப் பார்த்து நம்பாமல் அதற்குப் பின்னால் இருக்கும் ஒயரைப் பார். ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும், அதுவும் டபுள் போல் ஸ்விட்சாக. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுப்பது அதுதான்.

கலர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் வீட்டு ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். கீசரோடு வருகிற கேபிளில் பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். இந்த நீலத்தில்தான் பையன்கள் தடுமாறுகிறார்கள். கலரை நம்பாமல் சோதித்துவிட்டு முறுக்கு.

இனி எர்த். இதைச் சாவகாசமாகப் படி.

மூன்றாவது ஓட்டையில் ஒரு பச்சை ஒயர் வந்து நிற்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. மறு முனை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. பழைய வீடுகளில் அதைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். குழாய் இரும்பாக இருந்த காலத்தில் எப்படியோ ஓடியது. இடையில் யாராவது ஒரு துண்டு பி.வி.சி. மாற்றியிருந்தால் அந்த எர்த் அத்தோடு தீர்ந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்ட்டிமீட்டர் வைத்தால் 230 காட்டும், அதை மட்டும் நம்பாதே. மீட்டர் இழுப்பது ஒன்றுமில்லாத கரண்ட், துருப்பிடித்த எர்த் கூட அதற்குப் போதும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார். 40 வாட் குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். ஆர்.சி.சி.பி. உள்ள வீடாக இருந்தால் வைத்த நொடியே டிரிப் ஆக வேண்டும், ஏனென்றால் அந்தப் பல்பு 170 மில்லி ஆம்பியர் இழுக்கும், ஆர்.சி.சி.பி. விழ 30 போதும். பல்பு மங்கலாக எரிந்தால் அந்த எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. வைத்துக்கொண்டே நிற்காதே. எர்த் மோசமாக இருந்தால் நீ பல்பைப் பிடித்திருக்கும் நேரம் முழுக்க அந்த வீட்டு கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் நிற்கும். “ரெண்டு நிமிஷம் யாரும் எதையும் தொடாதீங்க” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுச் செய்.

பல்பு பிரகாசமாக எரிந்தாலும் வேலை முடியவில்லை. மெயினை ஆஃப் செய்துவிட்டு சாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார். நியூட்ரல் ஸ்க்ரூவிலிருந்து எர்த் ஸ்க்ரூவுக்கு விரல் நீளத்தில் ஒரு குட்டி ஒயர் போட்டிருந்தால், உனக்கு முன்னால் வந்தவன் அங்கே ஒரு கொலைக்கருவியைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அர்த்தம். எர்த் இழுக்கச் சோம்பல்பட்டவன் வேலை அது. சோதனை பல்பு எரியும், மீட்டர் 230 காட்டும், எல்லாம் சரி போலவே இருக்கும். ஆனால் எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். மீட்டர் போர்டில் ஒரு ஸ்க்ரூ லூசானாலே போதும். ஃபேஸ் காயில் வழியாக வரும், திரும்பிப் போக வழி இருக்காது, அந்தக் குட்டி ஒயர் வழியாகக் கீசர் உடம்பில் வந்து நிற்கும். எம்.சி.பி. விழாது, ஏனென்றால் அதன் கணக்கில் ஓவர்லோடு எதுவும் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், நியூட்ரல் போனால் வீட்டில் லைட்டும் அணைந்துவிடும். கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ஈரக் கையோடு குழாயைத் தொடுவார்கள். அந்த ஒயரைப் பார்த்தால் வெட்டி எடு, வீட்டுக்காரர் கண் முன்னால் எடு, அவரிடம் காரணத்தையும் சொல்.

ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் போடச் சொல், 30 மில்லி ஆம்பியர் உள்ளது. எம்.சி.பி. காப்பது ஒயரை. மனுஷனைக் காப்பது இது. “இது இருந்தா எர்த் எதுக்கு?” என்று கேட்பார்கள். எர்த் இல்லாமலும் அது வேலை செய்யும், ஆனால் யாராவது தொட்டு அவர் உடம்பு வழியாகக் கரண்ட் இறங்கிய பிறகுதான் விழும். எர்த் இருந்தால் காயிலில் கசிவு ஆரம்பித்த உடனேயே, ஒருவரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். அதில் ‘டி’ என்று போட்ட பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிக் கொடு. விழுந்தால் நல்லது, விழாவிட்டால் உனக்கு போன் செய்யட்டும். அந்தப் பட்டன் சோதிப்பது ஆர்.சி.சி.பி.யை மட்டும்தான், எர்த்தை அல்ல என்பதையும் நீ நினைவில் வை.

போர்டு ஒழுங்கானதும் கீசருக்கு வா. பழைய கீசர் என்பதால் சுவரில் ஏற்றும் முன் தரையில் வைத்துத் திறந்து பார்ப்பது உனக்கு லாபம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2082 என்ற எண்ணும் இருக்கிறதா, எத்தனை பார் அழுத்தத்துக்குச் செய்தது என்று லேபிளில் பார். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஒரு பார் அழுத்தம் கொடுக்கும். மூன்றாவது மாடியில் டேங்க் தலைக்கு மேலேயே இருப்பதால் கவலையில்லை. பிரஷர் பம்ப் வைத்த அபார்ட்மென்ட்டிலோ, உயர்ந்த கட்டடத்தின் கீழ் மாடியிலோ 8 பார் தாங்குகிற தொட்டியாகப் பார்த்துப் போடு.

காயிலை ஓம் மீட்டரில் அளந்தால் 2000 வாட்டுக்கு 26 ஓம் பக்கம் வர வேண்டும். அதைவிட முக்கியம் காயிலுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள இன்சுலேஷன். 500 வோல்ட் மெகரில் ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் நான் அந்தக் காயிலைத் திரும்பப் போட மாட்டேன். கழற்றிய காயிலைக் கையில் எடுத்துப் பார்த்தால் தண்ணீரின் குணம் தெரியும். நல்ல தண்ணீரில் ஓடியது செம்பு நிறம் மாறாமல், மேலே லேசாக ஒரு வெள்ளைப் பொடியோடு வரும். உப்புத் தண்ணீரில் ஓடியது விரல் கனத்துக்கு ஓடு கட்டி, வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் இடைவெளியே தெரியாமல் வரும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் சில்லுச் சில்லாக உதிரும். உள்ளே காயிலின் தோலில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் உருட்டிப் பார். ஓடு கட்டினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலுக்குள்ளேயே தங்கும், தோல் வெந்து வெடிக்கும், வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க் கரண்ட்டைத் தொடும். குளிக்கும்போது ஷாக் அடித்தது என்று கேள்விப்படுகிறோமே, அந்தக் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

குடிநீருக்கு நம் அரசு வைத்திருக்கும் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. போர் தண்ணீர் எத்தனையோ இடத்தில் அதைத் தாண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூடு பட்டால் பிரிந்து படியும், சூடு ஏற ஏற வேகமாகப் படியும். போர் தண்ணீர் வீடாக இருந்தால் வருஷம் ஒரு தடவை திறந்து சுத்தம் செய்யச் சொல். அதற்கு முன்பே சோறு கொதிக்கிற மாதிரி கீசர் சத்தம் போட்டால் அப்போதே. கரண்ட்டை அணைத்து, உள்வரும் தண்ணீரை அடைத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து விட்டு, தொட்டியைக் காலி செய்த பிறகுதான் காயில் பிளேட்டில் கை வைக்க வேண்டும். ஓட்டைக் கரைக்க வினிகர் போதும், சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரும் போதும். காயிலை ராத்திரி முழுக்க ஊற விடலாம். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்பு அஞ்சு நிமிஷத்தில் பொங்கிப் போகும், கூடவே செம்பும் தொட்டியின் உள்பூச்சும் அரிபடும். திறந்த ஒவ்வொரு தடவையும் கேஸ்கெட் புதிது போடு.

உள்ளே காயிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மெக்னீசியம் ராடை நிறையப் பேர் கண்டுகொள்வதே இல்லை. அனோட் ராடு என்று கடையில் கேள். தொட்டியின் உள்பூச்சில் எங்காவது கீறல் விழுந்தால் இரும்பு அரிபடாமல் தன்னை அரிக்கக் கொடுப்பதுதான் அதன் வேலை. கரைந்து நடுக்கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் அடுத்து அரிபடப் போவது தொட்டி. ராடின் விலை கீசர் விலையில் ஒரு துணுக்கு. ஆனாலும் கேட்டு வாங்கிப் போடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சுவரில் ஏற்றுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 25 லிட்டர் தண்ணீரே 25 கிலோ. தொட்டியோடு சேர்த்தால் முப்பத்தைந்துக்கு மேல். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் பிடிக்கும். இப்போது கட்டுகிற வெள்ளை லேசான பிளாக் சுவரில் அதே போல்ட் நாளடைவில் உருவிக்கொண்டு வரும். அங்கே சுவரின் மறுபக்கம் வரை துளைத்துத் தட்டு வைத்து முடுக்கு. நீல வளையம் பச்சைத் தண்ணீர் உள்ளே போக, சிவப்பு வெந்நீர் வெளியே வர. வெந்நீர் லைனுக்கு சி.பி.வி.சி. தான். சாதா பி.வி.சி. முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும், அப்புறம் வளைந்து தொங்கும்.

உள்வரும் பக்கம் ஒரு வால்வு மாட்டுவாயே, அதுதான் கீசரின் உயிர். தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரைப் பங்கு பெருகும். 25 லிட்டரில் அது 350 மில்லி வரும். குழாய் மூடியிருக்கிறது, வந்த வழியே திரும்பிப் போகவும் வால்வு விடாது. அழுத்தம் ஏறினால் அந்த வால்வின் பக்கவாட்டு மூக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். வீட்டுக்காரர் உடனே போன் செய்வார், “கீசர் லீக் ஆகுது” என்று. சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது லீக் இல்லை, வால்வு வேலை செய்கிறது. இதைக் கேட்காமலேயே முன்கூட்டிச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் நீ போன பிறகு யாராவது டெஃப்லான் டேப் சுற்றி ஒரு மூடியைப் போட்டு அடைத்துவிடுவார்கள். அந்த நாளில் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, சூடு மீறினால் கரண்ட்டை அறுக்கிற கட்-அவுட்டும் வேலை செய்யாமல் போனால், தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்க வழியில்லாமல் அழுத்தத்திலேயே நிற்கும். தொட்டி விட்டுக்கொடுக்கும் இடத்தில் அதில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அதனால் மூக்கில் ஒரு சின்ன டியூப் மாட்டித் தரை ஜாலி வரை இறக்கி விடு. சுவர் நனைகிறது என்ற புகாரும் வராது, அடைக்கிற ஆசையும் வராது. அந்த டியூபில் மூடுகிற குழாய் எதுவும் வைக்காதே.

கட்-அவுட் விழுந்த கீசரை “டைரக்ட் பண்ணிக் குடு” என்று கேட்பவர்கள் உண்டு. செய்துவிடாதே. அது ஏன் விழுந்தது என்று பார்ப்பதற்குத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கரண்ட் கொடுக்கும் முன் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீரை விடு. முதலில் காற்று சீறும், விட்டு விட்டுத் துப்பும், பிறகு ஒரே சீராக வரும். அது வந்தால்தான் தொட்டி நிறைந்தது. காலித் தொட்டியில் சுவிட்சைப் போட்டால் புதுக் காயிலும் சில நிமிஷத்தில் கருகும். ஓட விட்டு இருபது நிமிஷம் கழித்து பிளக் டாப்பின் முதுகில் கை வைத்துப் பார். வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடாக இருந்தால் உள்ளே எங்கோ லூஸ். அதைக் கவனிக்காமல் விட்ட வீட்டில்தான் பிளக் பழுப்பேறி உருகி நாற்றம் வரும்.

தெர்மோஸ்டாட்டை 60-க்கு மேல் ஏற்ற வேண்டாம். மிகவும் குறைத்து வெதுவெதுப்பாகவே வைப்பதும் சரியில்லை, 25-லிருந்து 45 டிகிரி வரை லெஜியோனெல்லா என்ற கிருமிக்கு வசதியான இடம். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் ஐந்தே நொடியில் தோலை வேக வைத்துவிடும், குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர், கை விட்டுப் பார்த்துவிட்டுக் குளிப்பது என்று அந்த வீட்டில் யார் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்களோ அவர்களிடமே சொல். சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிக்கச் சொல்வதும் நல்ல பழக்கம்தான், எர்த் சரியாக இருக்கும் வீட்டிலும்.

கேஸ் கீசர் வேலை வந்தால்? பாத்ரூமுக்குள் மாட்டச் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. மூடிய அறையில் கேஸ் எரிய எரிய ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு வரும். சிலிண்டர் கேஸுக்கு நாற்றம் கலந்துதான் விற்கிறார்கள், இதற்கு நாற்றமே கிடையாது. தலை கிறுகிறுக்கும், கால் துவளும், கதவைத் திறக்க நினைக்கும்போது திறக்க முடியாது. பால்கனியில், திறந்த வெளியில் மாட்டி பைப் மட்டும் உள்ளே கொண்டு வரலாம் என்றால் செய். “ஜன்னல் இருக்கே” என்பார்கள். ஓசூர் மார்கழியில் யார் ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிக்கிறார்கள்?

கடைசியாக நீ கேட்டது. எர்த் லைன் இழுக்க வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? பிளம்பிங்கை முடி, கீசரை மாட்டு, அதுவரை உள்ள கூலியை வாங்கு. கரண்ட் கொடுக்காதே, கேபிளில் பிளக்கே மாட்டாதே. ஏன் கொடுக்கவில்லை என்று பில்லின் பின்னால் எழுதி அவரிடம் ஒரு பிரதி கொடு. மறுநாள் வேறு ஒருவன் வந்து நூறு இருநூறுக்கு மாட்டிவிட்டுப் போகலாம், தண்ணீரும் சுடும், உன்னை வேலை தெரியாதவன் என்றும் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் அவர் ஆளே ஒத்துக்கொள்ளாத ஆள் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதே. அந்தக் குட்டி ஒயர் விஷயத்தைப் பொறுமையாக விளக்கினால், பத்துப் பேரில் பெரும்பாலானவர்கள் பர்ஸை எடுத்துவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

மெகர் புதிதாக வாங்கிப் பணத்தை முடக்காதே. என்னிடம் கைப்பிடி சுற்றுகிற பழையது ஒன்று சும்மா கிடக்கிறது, நன்றாகவே வேலை செய்யும். இந்த வாரம் ஓசூர் வருகிற நம் சரக்கு வண்டியில் கொடுத்தனுப்புகிறேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து வாங்கிக்கொள். அது கைக்கு வந்த பிறகு அந்த மூன்றாவது மாடி வேலைக்குப் போ.

இப்படிக்கு,
மாமா